வெள்ளிக்கிழமைச் சுற்று

ஓடிக்கொண்டிருக்கிற எதையும் அந்த அக்கா திரும்பிப் பார்த்ததில்லை. "அது ஓடுதல்ல, அதும்பாட்டுக்கு ஓடட்டும்" என்று போய்விடுவாள். நின்று கிடப்பதைக் கண்டால்தான் அவளுக்குக் கால் நகராது. ஊருக்குப் போனவர்கள் வீட்டுக் கிணற்று ராட்டினமாக இருக்கட்டும், யாரும் ஆடாத தூளியாக இருக்கட்டும், ஒரு தரம் அசைத்துவிட்டுத்தான் தாண்டிப் போவாள்.

ஓமலூரில் சந்தைக்குப் பின்னால் இருந்த தெருவில், நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. நாங்கள் தறிக்காரர்கள். அவர்கள் ராவுத்தர் வீடு. நடுவில் இடுப்பளவு மண்சுவர். அந்தச் சுவரின் மேல் குழம்புக் கிண்ணம் போகும், வரும். பேச்சும் அப்படியே. பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவுக்கு அவள் இஞ்சின்கார அக்கா. எனக்கும் அதுவே பழகிவிட்டது.

இஞ்சின் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிற அளவுதான். ஏற்காட்டில் ஒரு பங்களாவுக்கு விளக்கெரித்துக்கொண்டிருந்த பழைய பெட்ரோல் இஞ்சின். துரை சீமைக்குப் போகும்போது விற்றதை அக்காவின் புருஷன் வாங்கி, மாட்டு வண்டியில் இறக்கிக் கொண்டுவந்தாராம். கூடவே ஒரு டைனமோ. கல்யாணம், தர்காக் கந்தூரி, மாரியம்மன் நோம்பி எதுவானாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் பல்பு எரியவிடுவார். நான் அந்தத் தெருவுக்கு வருவதற்குள் ஜெர்மன்காரன் சண்டை வந்துவிட்டது. அவர் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் வந்தது. இஞ்சின் கொட்டகையில் நின்றுபோனது.

ரயிலேறுகிற அன்றைக்கு அவர் அக்காவிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "வாரம் ஒருக்கா சுத்தி உடு. ஓடாட்டிப் போகுது. உள்ள துரு ஏறி ஒட்டிக்கக் கூடாது."

அந்தப் பேச்சை அக்கா தலையில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில் வாசலுக்குச் சாணி தெளிப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இஞ்சினுக்குப் பணிவிடை நடக்கும். என் மாமியார் சுவரில் கையூன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"ஏனம்மிணி, இன்னைக்கு உன்ற இஞ்சினுக்கு எண்ணெய்க் குளியலா?"

"ஆமாங் பெரியம்மா. சீயக்கா இருந்தாக் குடுங்க."

"ஓடாத இஞ்சினுக்கு இத்தன சீராட்டா! என்ற மருமகளுக்குக்கூட நான் இப்புடிச் செஞ்சதில்ல."

"ஓடறது ஓடறப்போ தன்னைத் தானே பாத்துக்கும். சும்மா கெடக்கறதைத்தானுங்க நாம பாக்கோணும்."

முதலில் எண்ணெய். இஞ்சின் எண்ணெய் அப்போது எங்கே கிடைக்கும்? பழையதையே வடித்துப் பாட்டிலில் தெளியவிட்டு, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றுவாள். பிறகு பிளக்கைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் கரியைத் துடைத்து, முனையில் பொறி பறக்கிற இடைவெளியில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்துச் செருகிப் பார்ப்பாள். இறுக்கமாகவும் போகக்கூடாது, தொளதொளவென்றும் போகக்கூடாது. பிளக் இருந்த துளையில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுவாள். உள்ளே எங்கோ ஒரு பெருமூச்சு கிளம்பி அந்தத் துளை வழியாக வரும். புஸ்... புஸ்... வெயில் ஏறுகிற நேரம். நூல் இல்லாமல் தெருவில் பாதித் தறி நின்றிருந்த காலம். அந்த அமைதியில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்குக் கண் சொக்கும். தூங்குகிற பெரிய மிருகம் ஒன்றை யாரோ எழுப்பாமல் புரட்டிப் படுக்க வைப்பதுபோல இருக்கும்.

கடைசியில் கொசுவம். அது அக்கா வைத்த பெயர். இஞ்சினின் உடம்பைச் சுற்றி இரும்புத் தகடுகள் அடுக்கடுக்காக, சேலைக் கொசுவம் மாதிரியே விரிந்திருக்கும். அந்த இடுக்கு ஒவ்வொன்றிலும் விளக்குமாற்று ஈர்க்குச்சியை விட்டு, புழுதியையும் பூச்சிக் கூட்டையும் நெருடி எடுப்பாள்.

"லாரிக்கு நெஞ்சுல தண்ணி ஊத்தறாங்கல்ல? இதுக்குத் தண்ணி கெடையாது புள்ள. காத்துத்தான். இந்தக் கொசுவத்துக்குள்ள காத்துப் போயிட்டுப் போயிட்டு வந்தாத்தான் சூடு எறங்கும். இதை அடைச்சா வெந்துரும்."

எல்லாம் முடிந்து பிளக்கைத் திருகி மூடிய பிறகு, ஒரே ஒரு சுற்று சுற்றுவாள். மற்றச் சுற்றுகள் மாதிரி இருக்காது. துளை அடைபட்டதால் சக்கரம் முரண்டு பிடிக்கும். அவள் இரண்டு கையாலும் பிடித்து மெல்ல, மிக மெல்லச் சுற்ற, உள்ளே மூச்சு நெடுநேரம் தேங்கி, ஹ்ம்ம்ம் என்று இறங்கும். அப்புறம் கோணியை மூடிவிட்டு எழுந்துவிடுவாள்.

"அது எதுக்குங்க்கா?"

"அது அவரு சொல்லிக் குடுத்ததில்ல. நானாச் செய்யறது." சிரித்தாள். "வாரேன்னு சொல்லிக்கற சுத்து."

கோணியைக்கூட அவள் இறுக்கிக் கட்டியதில்லை. போர்த்தினது போலவும் இருக்க வேண்டும், காற்றுப் போக வழியும் இருக்க வேண்டும்.

எனக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனது. நான் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். வந்தவர்களெல்லாம் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார்கள். நான் அழுகிறேனா என்றும் பார்த்தார்கள். அக்கா வந்தாள். உட்காரவில்லை. "எந்திரி. கெணத்தடி வரைக்கும் போயிட்டு வந்து படுத்துக்க" என்றாள். முடியாது என்றேன். "ஓடச் சொல்லலையே. ஒரு சுத்து" என்றாள். என் கக்கத்தில் கை கொடுத்து நடத்திக்கொண்டு போனாள். கிணற்றடியில் நான் நின்றேன். வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. அவ்வளவுதான். திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, தாழ்வாரத்தில் மறுபடி அழத் தயாராக இருந்தவர்களைத் தாண்டிப் போய்விட்டாள். மறுநாளும் வந்தாள்.

எங்கள் தறிக்கும் அதே வைத்தியம் சொன்னாள். "நூல் இல்லாட்டி என்னங் பெரியம்மா, ஒருக்கா மிதிச்சு உடுங்க." மாமியார் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டார். "நூலில்லாத தறிய மிதிச்சா ஊரு சிரிக்கும்." ஆனால் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு தறிக்குழியிலிருந்து டக், டக் என்று சத்தம் வரும். எழுந்து பார்த்தால், தறியைத் துடைக்க இறங்கியதுபோல மாமியார் கையில் ஒரு துணி இருக்கும்.

பர்மாப் பக்கமிருந்து நடந்தே வந்தவர்களோடு அக்காவின் புருஷனும் வந்து சேர்ந்தார். தலை மழித்திருந்தது. பாதம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கண்ட தழும்பு அவ்வளவுதான். காணாதது எவ்வளவோ, தெரியாது. வாசலுக்கு வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல், நேரே கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். இஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அப்புறம் அந்தக் கல்தான் அவருக்கு இடம். சோறு கொடுத்தால் சாப்பிடுவார். படு என்றால் படுப்பார். கேட்டதற்கு 'உம்'. கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

தெரு முழுவதும் வந்து விசாரித்தது. "என்னங் பாய், எப்புடி இருக்கறீங்க?" "எங்களத் தெரியுதுங்களா?" அவர் தலை இன்னும் கவிழும். அக்கா ஒருத்தி மட்டும் ஒரு கேள்வியும் கேட்டு நான் பார்க்கவில்லை. காலையில் கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிவருவாள். பாதத்துக்குக் கொட்டமுத்து எண்ணெய், அதான் விளக்கெண்ணெய், தடவுவாள். வெள்ளிக்கிழமை வந்தால், அவருடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இஞ்சினைப் பார்ப்பாள். புஸ்... புஸ்... அவர் திரும்ப மாட்டார். அவள் கூப்பிடவும் மாட்டாள். இரண்டு பேருக்கும் மேலே வேம்பின் நிழல் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் நான் கனவில் இருக்கிறேனோ என்று எனக்குத் தோன்றும். சண்டை முடிந்தது என்றார்கள். கூப்பன் முடியவில்லை. அவரும் கல்லைவிட்டு எழவில்லை.

சேலத்தில் தோல் மண்டி வைத்திருந்த அவருடைய அண்ணன் ஒருநாள் வந்தார். நல்ல மனிதர். தம்பியைப் பார்த்துவிட்டு முற்றத்தில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

"தெக்க ஒரு தர்காவுல இப்படிப்பட்டவங்களை உட்டுட்டு வாராங்கம்மா. அங்கயே இருப்பாங்க. கொணமானவங்களும் உண்டு."

"கட்டிப்போடுவாங்களாமே மச்சான்."

அவர் தம்பியின் வெடித்த பாதத்தைப் பார்த்தார். "நீ ஒத்தைப் பொம்பள. எத்தனை நாளைக்கும்மா? இந்த இஞ்சினையும் வித்துத் தள்ளிட்டு எங்க ஊட்டுக்கு வந்துரு. பசங்களோட பசங்களா இரு" என்றார்.

"பக்கத்து ஊட்டுல கல்யாணம் வெச்சிருக்காங்க. வெளக்குக்கு வாக்குக் குடுத்துட்டேன். அது முடியட்டும்."

"அப்ப கல்யாணத்துக்கு மறுநாளு வண்டியோட வாரேன்." அவர் போகும்போது தம்பியின் தலையை ஒரு தரம் தடவிவிட்டுப் போனார்.

கல்யாணம் என் நாத்தனாருக்கு. மாப்பிள்ளை வீடு நான் பிறந்த ஊரான இளம்பிள்ளையில். மாமியாருக்கு என் ஊரை மட்டம் தட்டுவதற்கு எப்போதுமே ஒரு காரணம் வேண்டும். "பட்டு நெய்யறோம் பட்டு நெய்யறோம்னு பீத்திக்குவாங்கல்ல உங்க ஊருக்காரங்க? நம்மூட்டு வெளக்கப் பாத்து வாயப் பொளக்கோணும்" என்றார். மாமனார் ஒரு பஸ் முதலாளியிடம் நடையாய் நடந்து ஒரு டின் பெட்ரோல் வாங்கிவந்துவிட்டார்.

பெண்ணழைப்பு சாயங்காலம். இஞ்சினைக் கொட்டகையைவிட்டு எடுக்கவில்லை. கம்பியைத்தான் சுவர் தாண்டிப் பந்தலுக்கு இழுத்தார்கள். அக்கா காலையிலிருந்தே ஈர்க்குச்சியும் கையுமாக இருந்தாள். அன்றைக்கு அவள் முகம் எனக்குப் பிடிபடவே இல்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் வண்டி வரும். "இத்தன வருசமாப் பாத்ததுக்கு ஒருக்கா ஓடிக் காட்டிருச்சுனாப் போதும் புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தாள். செருமியது. மறுபடி இழுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு இழுப்பு. படபடவென்று பிடித்துக்கொண்டது பாருங்கள்! கொட்டகை வேம்பிலிருந்த காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. பந்தலில் பல்புகள் முதலில் செம்பருத்திபோலச் சிவந்து, பிறகு வெளுத்தன. இளம்பிள்ளைக்காரர்கள் வாயைப் பிளந்தார்களோ இல்லையோ, என் மாமியார் பிளந்தார்.

கல்லில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் அப்படியே இருந்தார். அக்கா ஒரு கணம் அவருடைய முதுகைப் பார்த்தாள். அதற்குள் பெண்கள் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மணப்பெண் அலங்காரத்தை அவள் வந்து பார்த்தே ஆகவேண்டுமாம்.

அந்த நேரத்தில்தான் மாமியார் ஒரு கிண்ணம் சந்தனத்தோடு கொட்டகைக்குப் போயிருக்கிறார். வீட்டில் முதல் தடவை கரண்டு விளக்கு எரிகிறது, எரியவைத்த சாமியைச் சும்மா விடலாமா? இஞ்சின் அப்போதுதான் சூடேற ஆரம்பித்திருந்தது. கொசுவம் கொசுவமாகச் சந்தனத்தை வழித்துப் பூசி, குங்குமம் வைத்து, சம்பந்திக்குக் கட்டுவதுபோலப் புதுத் துண்டு ஒன்றையும் சுற்றிக் கட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பந்தலெல்லாம் ஒரு வாசனை. மாப்பிள்ளை வீட்டார் மூக்கை உறிஞ்சினார்கள். "சந்தனக் கட்டையே போட்டு எரிக்கறாங்களாட்ட இருக்குது!" என் சித்தப்பாவே சொன்னார். மாமியார் பெருமையில் எங்கள் பக்கம் பார்த்தார். நாதஸ்வரம், பூ, அந்தப் புகை வாசனை, வெளிச்சம் என்று எல்லோருக்கும் ஒரு மயக்கம். எனக்கும்தான்.

அக்கா தலையை நிமிர்த்தினாள். மணப்பெண்ணின் சடையில் அவள் செருகிக்கொண்டிருந்த பூ கையிலேயே நின்றது. "சத்தம் மாறுது" என்றாள். எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன்.

சுவரோரம் போனதும் சட்டென்று நின்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

துவைக்கிற கல் காலியாக இருந்தது.

அவர் இஞ்சின் முன்னால் குனிந்து நின்றிருந்தார். துண்டை உருவித் தூர எறிந்தார். பிளக்கின் மேல் இருந்த தகட்டை அழுத்தினார். இஞ்சின் இருமி நின்றது. பந்தலில் விளக்கெல்லாம் அணைந்தது. "அய்யய்யோ" என்று ஊரே கத்தியது. நாதஸ்வரம்கூட நின்றுபோனது. லாந்தரும் கையுமாக மாமியார் தடதடவென்று வந்தார்.

"ஏஞ்சாமி, ஏன் நிறுத்திட்டீங்க? மாப்பிள்ள ஊட்டுக்காரங்க முன்னாடி..."

அவர் திரும்பினார். பல வருஷம் பேசாத குரல், துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது.

"யாரு இதுக்குச் சந்தனம் பூசுனது?"

மாமியார் லாந்தரோடு அப்படியே நின்றுவிட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, பயம் வரவில்லை. பொலபொலவென்று கண்ணீர் வந்தது. "நாந்தான் சாமி. நாந்தான் பூசுனேன்" என்றார், ஏதோ பரிசு கேட்கிறவர் போல.

"காத்துப் போகுமா இதுல?"

"போகாதுங் சாமி!"

அவர் கொசுவத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்த்தார். "ஆறட்டும்" என்றார். பிறகு அவர் யாரையும் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். "ஈர்க்குச்சி."

விளக்குமாறு சுவரோரம்தான் கிடந்தது. அக்கா ஒரு ஈர்க்கை உருவினாள். போய்க் கொடுத்தாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள். என் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். "போய்ப் பேசுங்க்கா" என்றேன். தலையை அசைத்தாள். "அவரு வேலையாருக்காரு" என்றாள்.

பெட்ரோமாக்ஸைக் கொளுத்திப் பெண்ணழைப்பைத் தொடர்ந்தார்கள். விளக்கு மறுபடி எரிந்தபோது கயிற்றை இழுத்தது அவர்.

சொன்னபடியே கல்யாணத்துக்கு மறுநாள் அண்ணன் வண்டியோடு வந்தார். கை இரண்டும் கரியாக, தம்பி பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "வாங்கண்ணே" என்றார் தம்பி. அண்ணன் அங்கேயே, அந்தத் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். வந்த வண்டியை வெறுமனே அனுப்புவானேன் என்று கல்யாணத்துக்கு வாடகைக்கு வாங்கியிருந்த அண்டா குண்டாவையெல்லாம் அதில் ஏற்றித் திருப்பிக்கொடுத்து அனுப்பினார் மாமனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. கொட்டகையில் அவர் உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு அங்கே வேலையில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து தறிக்குழி ஓரமாக உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மாமியாருக்குப் பொறுக்குமா?

"சும்மா கெடக்கக் கூடாதம்மிணி. வா, எறங்கித் தறிய ஒருக்கா மிதி."

அக்கா சிரித்தாள். ஆனால் காது இங்கே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் புஸ்... புஸ்... என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சுற்றுகிறபோது கொஞ்சம் வேகம் அதிகம். பிறகு அது நின்றது. பிளக்கைத் திருகுகிற சத்தம் வந்தது. அதுவும் நின்றது.

"முடிஞ்சுதாட்ட இருக்குது" என்றார் மாமியார்.

அக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்த்து நானும் மூச்சை அடக்கினேன். வேம்பில் ஒரு அணில் கத்தியது. எங்கோ தெருக்கோடியில் ஒரு தறி ஓடியது.

அப்போது வந்தது அந்தச் சத்தம். அவர் சொல்லிக்கொடுக்காத சுற்று. இத்தனை வெள்ளிக்கிழமையும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவருக்குப் பின்னால் அவள் தானாகச் செய்த சுற்று. மெல்ல, மிக மெல்ல, உள்ளே மூச்சு நெடுநேரம் தேங்கி, ஹ்ம்ம்ம் என்று இறங்கியது.

அக்கா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள்.

"வாரேனுங் பெரியம்மா" என்றாள்.